‘அச்சில் இல்லை’ என்ற சொல்லுக்கு இனி வேலை இல்லையா?

வாசகர் ஒருவர் எழுதியது, 2025 மார்ச் 3

ஒரே ஒரு பிரதி கேட்டாலும் அச்சடித்துக் கொடுக்கும் காலம் இது. மின்னூல் இருக்கிறது, ஒலிநூல் இருக்கிறது. இனி எந்தப் புத்தகமும் ‘அச்சில் இல்லை’ என்று ஆகவே ஆகாது. பழைய புத்தகங்கள் காணாமல் போவதைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திக்கொள்ளலாம் இல்லையா?

மார்ச் 4

பாதி சரி. நானும் பத்து வருடம் முன்பு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கம் வடிவமைப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். ஆஃப்செட்டில் ஒரு புத்தகம் போட வேண்டுமென்றால் தகடு எடுக்க வேண்டும், மை சீராகப் பிடிக்கும்வரை தாள் வீணாகும், அதற்குப் பிறகுதான் நல்ல பிரதி வரும். அந்தச் செலவை ஆயிரம் பிரதி தாங்கும், பத்துப் பிரதி தாங்காது. வருடத்துக்கு இருபது பேர் மட்டும் தேடுகிற நல்ல புத்தகங்கள் மறுபதிப்பு காணாமலே போனது இதனால்தான். 1997இல் அமெரிக்காவின் இன்கிராம் குழுமம் லைட்னிங் பிரிண்ட் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்டர் வரும்போது ஒரு பிரதி அடித்து அனுப்ப ஆரம்பித்தது. கேட்கும்போது மட்டும் அச்சடிக்கும் இந்த முறைக்குப் பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) என்று பெயர். அது பரவியது அதற்குப் பிறகுதான். இது பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் கிடைப்பது வேறு, பயன்படுவது வேறு. ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பதைப் பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறார். 143 கோட்டோவியங்கள், எல்லாம் அவர் கையால் வரைந்தவை. முதல் பதிப்பு தீர்ந்து பல வருடம் கழித்துப் பதிப்பகம் அதை பிஓடியில் ஏற்றியது. போன மாதம் அவருடைய மகள் ஒரு பிரதியை வரவழைத்து என்னிடம் எடுத்துவந்தார்.

பிரித்துப் பார்த்தேன். பழைய பிரதியைத் தையல் பிரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் தாள் வளைந்து, வரிக்கு இரண்டு எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது. ஹேர்ஸ்பிரிங் என்பது கடிகாரத்துக்குள் இருக்கும் முடி மாதிரி மெல்லிய சுருள்வில். அதன் படத்தில் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அந்தப் படத்தின் உயிரே அதுதான். இதில் ஒரு சாம்பல் வட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். “அண்ணா, இதைப் பார்த்து யாராவது கடிகாரத்தைத் திறந்தா அப்பா பேருதான் கெடும்” என்றார் மகள். பெரியவரிடம் போனில் பேசினேன். பட்டியலில் ‘கிடைக்கும்’ என்று போட்டிருக்கிறதே என்றதற்கு, “ஓடுற கடிகாரமெல்லாம் சரியான நேரமா காட்டுது?” என்று கேட்டார்.

மார்ச் 5

நேற்று முக்கியமான ஒன்று விட்டுப்போனது.

பழைய ஒப்பந்தங்களில், புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுதியவருக்கே திரும்பும் என்று ஒரு விதி இருக்கும். கிடங்கில் பிரதி தீர்ந்து, மறுபதிப்பும் வரவில்லை என்றால் அச்சில் இல்லை என்று பொருள். எல்லாருக்கும் புரியும். பிஓடி வந்ததும் கிடங்கே வேண்டாம் என்றாகிவிட்டது. பட்டியலில் ஒரு வரி இருந்தால் போதும், சட்டத்தின் கண்ணில் புத்தகம் அச்சில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பகமான சைமன் அண்ட் ஷுஸ்டர் 2007இல் தன் ஒப்பந்தத்திலிருந்து குறைந்தபட்ச விற்பனை வரம்பை எடுக்கப் பார்த்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டு அவ்வளவு கோபமாக எதிர்த்ததும் இதற்காகத்தான்.

கடிகாரப் புத்தகத்தின் நிலைமையும் இதேதான். நல்ல பதிப்பு போட வேறு ஒருவர் தயாராக இருக்கிறார். ஆனால் அந்தச் சாம்பல் வட்டப் பதிப்பு ‘கிடைக்கும்’ வரை அவரால் கை வைக்க முடியாது. அச்சில் இல்லாமல் போயிருந்தால் புத்தகம் தப்பித்திருக்கும்!

மார்ச் 6

அப்படியானால் ஒப்பந்தத்தில் என்ன எழுதிக்கொள்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணைப் போட்டு எழுதுங்கள். பன்னிரண்டு மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால், எந்த வடிவத்தில் கிடைத்தாலும் சரி, உரிமை திரும்பும் என்று. ‘கிடைக்கும்’ என்ற சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டத்திலும் சில வழிகள் உண்டு. அமெரிக்காவில் 1978க்குப் பிறகு எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்து, முறைப்படி முன்னறிவிப்பு கொடுத்து, எழுதியவர் திரும்பப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பதிப்புரிமை வழிகாட்டுதலிலும், முழு உரிமையை வாங்கிக்கொண்டு அதைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் திரும்பப் பெற இடம் உண்டு. 35 வருடம் என்பது ஒரு ஆயுளில் பாதி. பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

மார்ச் 11

மின்னூல் அழியாதே என்கிறார்கள். இதற்கு எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது.

இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 26ஆம் தேதி, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கினோம் என்று நினைத்திருந்தவர்கள் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். நம்மிடம் இருப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. 2009இல் ஆர்வெல்லின் இரண்டு நாவல்கள் வாசகர்களின் கருவிகளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நீக்கப்பட்டன. ஏற்றியவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் பக்க ஓரத்தில் எழுதிய குறிப்பை மன்னிப்பு திருப்பித் தருமா? மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையையே மூடியது. பணம் முழுவதும் திரும்பியது, குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். அந்த மட்டில் நேர்மையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் புத்தகம் போனது போனதுதான்.

மார்ச் 12

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். மின்னூலையே குறை சொல்வதுபோல் இருக்கிறது. அது நியாயமில்லை.

நகலெடுக்க விடாத பூட்டு எதுவும் இல்லாத, ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பின் பெயரில் கடைசி நான்கெழுத்தை மாற்றி, ஜிப் என்று போட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே அத்தியாயம் அத்தியாயமாக எச்டிஎம்எல் பக்கங்கள், ஒரு படக் கோப்புறை, எந்தப் பக்கத்துக்குப் பிறகு எது என்று சொல்லும் ஒரு பட்டியல். கண்ணாடிப் பின்கதவு வைத்த கடிகாரம் மாதிரி எல்லாம் வெளியில் தெரியும். ஐம்பது வருடம் கழித்து எந்த மென்பொருளும் மிஞ்சாவிட்டாலும் எழுத்தை எடுத்துவிடலாம். எனக்குக் கோபம் பூட்டின் மேல்தான், வடிவத்தின் மேல் இல்லை.

ஏப்ரல் 19

உரிமை திரும்பிவிட்டது! வழக்கு எதுவும் இல்லை. மகள் ஒரு கடிதம் எழுதினார், கூடவே அந்த வளைந்த பக்கங்களின் படங்களை வைத்தார். ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. அங்கேயும் யாரோ ஒருவர் பக்கத்தைப் பார்த்து வருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கோப்பு. குறுந்தகட்டில் மூலக் கோப்பு கிடைத்தது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்ததோடு சரி. ஒரு பழைய கணினியைத் தேடிப்பிடித்துத் திறந்தால், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துரு, அந்த எழுத்துருவும் கையில் இல்லை. திரை முழுக்க ரோமன் எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்து கொட்டிக்கிடந்தது. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்குக்கோடு போட்ட பெட்டிகள்தான் இருந்தன. படக் கோப்புகள் தனிக் கோப்புறையில் இருந்திருக்கின்றன. அதை யாரும் நகலெடுக்கவில்லை.

இங்கேதான் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். புத்தகத்தைச் சேமித்து வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். சேமித்த கோப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது திறந்து பார்த்து, எழுத்து தெரிகிறதா, படம் இருக்கிறதா என்று சரிபார்த்து, புது வடிவத்துக்கு மாற்றி வைக்க வேண்டும். பதிப்பகத்தில் அந்த வேலைக்கென்று ஒரு ஆள் இருப்பார். நான் பார்த்தவரை, ஆட்குறைப்பு என்றால் முதலில் போவது அவர்தான்.

மே 27

தையல் பிரிக்கப்படாத பழைய பிரதி ஒன்று மகளிடம் இருந்தது. அதைத் தாள் தாளாகப் பிரித்து ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருளில் எழுத்தை எடுத்தோம். ஓசிஆர் இப்போது நன்றாகவே வருகிறது. எழுத்துப் பிழை பக்கத்துக்கு இரண்டோ மூன்றோதான். பயமெல்லாம் எண்களைப் பற்றித்தான். சொல்லில் பிழை இருந்தால் கண் தடுக்கும், எண் தப்பாக இருந்தாலும் எண்ணாகவேதான் தெரியும்.

மெய்ப்பைப் பெரியவருக்கே அனுப்பினேன். மறுநாள் காலை போன். “பேலன்ஸ் அச்சோட முனை 0.8 மில்லிமீட்டரா? அது ஆணி சார், முனை இல்ல.” பேலன்ஸ் என்பது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம். அதன் அச்சு முனை 0.08 என்று இருந்திருக்கிறது, ஒரு சுழியம் விழுந்துவிட்டது. இன்னொரு இடத்தில் மணிக்கு 18,000 அதிர்வு என்பது 13,000 ஆகியிருந்தது. அதை நான் மூன்று முறை படித்தும் பிடிக்கவில்லை. அவர் வகுத்துக்கூடப் பார்க்கவில்லை. “நொடிக்கு அஞ்சு தட்டு. காதுல வெச்சா தெரியுமே” என்றார். 18,000ஐ 3,600ஆல் வகுத்தால் ஐந்துதான் வருகிறது.

ஜூன் 29

நேற்று முதல் ஐரோப்பாவில் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே விற்கும் மின்னூல்கள் பார்வையற்றவர்களும் திரைவாசிப்பானை வைத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும். மிகச் சிறிய நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, எங்களுக்கும் கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்கிறோம்.

செய்வதென்றால், 143 படத்துக்கும் சொல்லால் விளக்கம் எழுத வேண்டும். நான் முதலில் ‘கடிகாரத்தின் உட்பகுதி’ என்று எழுதினேன். பெரியவர் அதை அடித்துவிட்டு, ‘ஆறு மணி இருக்கும் பக்கம் பேலன்ஸ் வீல்; அதன் இடப்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு பாலம்; பாலத்தில் ஒரே ஒரு திருகு, அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தார். படிக்கும்போது கையே அந்தத் திருகுக்குப் போகிறது. பார்வை உள்ளவர்களுக்கும் இந்த வரிகள் உதவும் என்று தோன்றியதால் சிலவற்றை அச்சுப் பதிப்பிலும் படத்தின் கீழே சேர்த்துவிட்டேன். இந்த வருடம் பதிப்புத் துறையில் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சட்டம்தான்.

ஜூலை 8

திருத்தம். பிஓடியில் பசை கட்டு மட்டும்தான் உண்டு என்று ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். தப்பு. கம்பிச் சுருள் கட்டும் சிலர் செய்து தருகிறார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், கடிகாரம் பார்ப்பவருக்கு இரண்டு கையிலும் வேலை இருக்கும். ஒன்றில் இடுக்கி, ஒன்றில் திருப்புளி. புத்தகம் மேசையில் தானாக விரிந்து கிடக்க வேண்டும். முதல் பதிப்பு தையல் கட்டு, அப்படித்தான் கிடந்தது. பசை கட்டு கையை எடுத்ததும் மூடிக்கொள்கிறது. சுருள் கட்டில் மாதிரி ஒன்று அடித்துப் பார்த்தோம். அலமாரியில் அழகாக நிற்காது, ஆனால் மேசையில் மல்லாந்து படுக்கிறது. பெரியவருக்குத் திருப்தி.

ஆகஸ்ட் 14

புத்தகம் பட்டியலில் ஏறிவிட்டது. தேடிப் பார்த்தேன். அதே தலைப்பை ஒட்டி இன்னும் இரண்டு கையேடுகள் பக்கத்திலேயே நிற்கின்றன. ஒன்றின் மாதிரிப் பக்கங்களைப் படித்தேன். ஹேர்ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விடச் சொல்கிறது. ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் கன்னாபின்னாவென்று ஓடும். ஒருமுறையாவது கடிகாரத்தைத் திறந்தவர் இதை எழுத மாட்டார். அதே ஆசிரியர் பெயரில் தோட்டக்கலை, தூக்கம், நாய் வளர்ப்பு என்று வரிசையாகப் புத்தகங்கள்.

அமேசான் 2023 செப்டம்பரில், ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியதா என்று சொல்லவும் வேண்டும், ஆனால் அந்தப் பதில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஜனவரியில் ஆதர்ஸ் கில்டு, மனிதர் எழுதியது என்று போட்டுக்கொள்ள ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. முத்திரை இருக்கட்டும். கடிகாரத்தைக் கெடுக்கும் ஒரு வரியை யார் படித்துப் பார்த்துத் தடுத்திருப்பார்கள்? பதிப்பாசிரியர் என்ற ஆள் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இனி இந்த எண்ணெயைத்தான் சொல்லப்போகிறேன்.

செப்டம்பர் 30

பெரிய செய்தி. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஆந்த்ரோபிக்கின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் 150 கோடி டாலர் சமரசத்துக்கு நீதிமன்றம் போன வாரம் முதற்கட்ட ஒப்புதல் கொடுத்திருக்கிறது. திருட்டு நூலகத் தளங்களிலிருந்து இறக்கிய புத்தகங்களைப் பற்றிய வழக்கு. கிட்டத்தட்ட ஐந்து லட்சம் நூல்கள், நூலுக்குச் சுமார் 3,000 டாலர்.

எல்லாரும் தொகையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் தகுதி விதியைப் படித்தேன். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற உலகப் பொது எண்ணோ அமேசான் எண்ணோ இருக்க வேண்டும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். இறக்கிய நூல்களின் பட்டியலில் இருந்தாலும் பதிவு இல்லை என்றால் பணம் இல்லை. பதிவு செய்வது யார் வேலை? பெரும்பாலும் பதிப்பகத்தின் வேலை. ஏப்ரலில் சொன்னேனே, முதலில் வேலை போகும் அந்த ஆள். அவர் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் இன்று 3,000 டாலராகக் கண்ணெதிரே நிற்கிறது.

அக்டோபர் 22

பேக்கர் அண்ட் டெய்லர் மூடப்போகிறது. 1828இல் தொடங்கியது, அமெரிக்க நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்பிவந்த மொத்த வியாபாரி. இதற்கு முன்பே, 2024 மார்ச் இறுதியில், சிறு பதிப்பகங்களின் புத்தகங்களை விநியோகித்துவந்த ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் ஒரே நாளில் கதவடைத்தபோது, ஏறக்குறைய 400 சிறு பதிப்பகங்கள் தங்கள் பிரதிகள் எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்று தேடி அலைந்தன. புத்தகம் அச்சில் இருந்தது, கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. கவிதைப் புத்தகங்கள்தான் நிறைய மாட்டிக்கொண்டன. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் 28

சின்ன பாக்கெட் அளவுப் புத்தகங்களை இந்த வருடத்தோடு விநியோகிப்பதை நிறுத்துகிறது ரீடர்லிங்க் என்ற அமெரிக்க விநியோக நிறுவனம். பேருந்து நிலையம், மருந்துக் கடை என்று புத்தகக் கடை இல்லாத இடங்களுக்கெல்லாம் புத்தகத்தைக் கொண்டுபோனது அந்த அளவுதான். பென்குயின் 1935இல் இங்கிலாந்தில் ஆறு பென்சுக்கும், பாக்கெட் புக்ஸ் 1939இல் அமெரிக்காவில் 25 சென்டுக்கும் தொடங்கி வைத்தது.

விற்காத பிரதியை முழுதாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது சிலருக்குத் தெரியாது. அட்டையை மட்டும் கிழித்துக் கணக்குக்கு அனுப்புவார்கள், உடம்பு கூழாகப் போகும். என்னிடம் அட்டையில்லாத ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வயதில் யாரோ கொடுத்தது. அது விற்கக்கூடாத பிரதி என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. முதல் தாளே அட்டையாகிக் கருத்துப்போயிருக்கிறது, இன்னும் படிக்க வருகிறது.

2026 ஜனவரி 4

கடிகாரப் புத்தகம், பக்கம் 61. இதைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் ஸ்கேன் செய்த பிரதியில் 61–62 தாள் கிடையாது. பெரியவரே எப்போதோ கத்தரித்துத் தன் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்து, அது எங்கோ போய்விட்டது. வரிகளை வளைந்த பிரதியிலிருந்து எடுத்துவிட்டோம். படம் வேறு வழியில்லாமல் அவரே புதிதாக வரைந்தது. கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள்.

போன வாரம் ஒரு வாசகர் தன்னிடமிருந்த முதல் பதிப்பின் 61ஆம் பக்கத்தை நன்றாக ஸ்கேன் செய்து அனுப்பினார். கோடு அவ்வளவு சுத்தம். உடனே மாற்றிவிடலாம் என்று பெரியவரிடம் கொண்டுபோனேன். லூப் என்ற சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து இரண்டையும் பார்த்தார். பழைய படத்தில் எஸ்கேப் வீல் என்ற பல்சக்கரம் சுழலும் திசையைக் காட்டும் அம்பு தலைகீழாக இருக்கிறதாம். அப்போதே ஒருவர் கடிதம் எழுதிச் சொல்லியிருக்கிறார். மறுபதிப்பில் திருத்தலாம் என்று இருந்தாராம், மறுபதிப்பே வரவில்லை.

பழைய கோட்டில் அம்பை மட்டும் திருப்பிப் புதுக் கோப்பை இன்று காலை ஏற்றிவிட்டேன். நடுங்கிய கோட்டுப் படத்தில் அம்பு சரியாகத்தான் இருக்கிறது, வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். புதுப் படம் வேண்டுமென்றால் 61ஆம் பக்கத்தைத் தனித் தாளாகச் செய்துவைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். ஓரத்தில் ஒட்ட இடம் விட்டிருக்கிறேன்.